மேலே ஏரி... கீழே தறி!

மழை விட்ட மறுநாள் காலையில், கருமத்தம்பட்டியில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி வடமேற்கே பார்த்தால் நீலகிரி தெரியும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். ஊருக்குள் தறிச் சத்தம். அந்தப் பக்கம் நீல நிறத்தில் ஒரு கோடு. 'அந்தக் கோட்டுக்கு மேல என்னங்க இருக்கு?' என்று கேட்கும் குழந்தைக்கு இப்போதெல்லாம் வாயால் பதில் சொல்ல வேண்டியதில்லை. செல்போனை நீட்டினால் போதும். பனி மூடிய ஏரி, கரையில் பச்சைப் புல்மேடு, ஒரு படகுகூட இல்லாத தண்ணீர், அதில் தலைகீழாக விழுந்த மலை என்று வரிசையாகப் படங்கள் வரும்.

இப்படிப்பட்ட படங்களை எடுப்பதற்கென்றே பயணங்கள் நடக்கின்றன. லடாக், ஐஸ்லாந்து என்று தூர தேசங்களுக்குப் போகும் குழுக்கள் உண்டு. கேமரா தெரிந்த ஒருவர், வழி தெரிந்த ஒருவர், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு வேன். விடியலுக்கு முன் ஓர் ஏரிக்கரை, மாலையில் இன்னொரு மலைமுகடு. அதே மாதிரிப் பயணத்தைச் சிறிய அளவில் கோவை, திருப்பூர் பக்கத்து இளைஞர்கள் நீலகிரிக்கும் வால்பாறைக்கும் போகிறார்கள். கருமத்தம்பட்டியில் இருந்து அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு 100 கிலோமீட்டர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி தறியை நிறுத்திவிட்டுக் கிளம்பினால் சனிக்கிழமை சூரிய உதயத்துக்கு மேலே இருக்கலாம்.

ஆனால், அங்கே எடுக்கும் படங்களில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. 'யாருமே தொடாத இயற்கை' என்று தலைப்பு வைத்துப் பகிரப்படும் அந்த ஏரிகளில் பெரும்பாலானவை ஏரிகளே அல்ல. அவை அணைகள். அதுவும் யாருக்கோ கட்டிய அணைகள் அல்ல. மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்க்கிற ஊர்களுக்காகக் கட்டியவை.

மலைக்கு ஏரி எங்கிருந்து வந்தது?

இமயமலையிலும் ஆல்ப்ஸ் மலையிலும் உச்சியில் இருக்கும் ஏரிகள் பல, பனியாறுகள் செதுக்கிய பள்ளங்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நகர்ந்த பனிக்கட்டி பாறையைக் குடைந்தது. பனி உருகியதும் குழியில் தண்ணீர் நின்றது. நீலகிரியில் அப்படிப் பனியாறு எதுவும் இல்லை. அங்கே இருந்தவை புல்வெளி, சோலைக்காடு, ஓடை, சதுப்பு. பெரிய ஏரி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

முதல் ஏரியை உண்டாக்கியவர் ஒரு கோவை கலெக்டர். ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரி ஏறினார். அப்போது அந்த மலை கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. தனி மாவட்டமாகப் பிரிந்தது 1868இல்தான். ஊட்டியில் ஓடைகளை மறித்து 1823 முதல் 1825 வரை அவர் உண்டாக்கிய நீர்நிலைதான் இன்றைக்குக் குழந்தைகள் படகு ஓட்டும் ஊட்டி ஏரி.

அடுத்தது பைக்காரா. அந்த ஆற்றின் தண்ணீரைக் குழாயில் விட்டு, ஏறக்குறைய 3,000 அடி கீழே உள்ள சிங்காராவில் விழவைத்து மின்சாரம் எடுக்கும் திட்டம் 1932இல் ஓடத் தொடங்கியது. உலகத்திலேயே மிக உயரத்தில் இருந்து தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுத்த நிலையங்களில் ஒன்று என்று அந்தக் காலத்தில் அதற்குப் பெயர். மழை இல்லாத மாதங்களுக்குத் தண்ணீர் சேமிக்க 1938இல் முக்கூர்த்தி அணை வந்தது.

பிறகு குந்தா. சுதந்திரத்துக்குப் பின், கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு கைகொடுக்க, 1950களின் பிற்பகுதியில் வேலை ஆரம்பித்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி என்று இன்றைக்கு புகைப்படக்காரர்கள் தேடிப் போகும் பெயர்கள் எல்லாம் 1960களில் தண்ணீர் நிரம்பியவை. வீட்டில் இருக்கும் தாத்தாவை விட அந்த 'ஆதி காலத்து' ஏரிக்கு வயது குறைவாக இருக்கலாம்.

இதைப் படத்திலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கோடையில் போனால் தண்ணீருக்கும் புல்வெளிக்கும் நடுவில் மொட்டையாக ஒரு மண் வளையம் தெரியும். புல் இல்லை, செடி இல்லை, வெறும் மண். இயற்கை ஏரியின் கரை இவ்வளவு மொட்டையாக இருக்காது. அங்கே நின்ற தண்ணீர் மின் நிலையத்துக்கு இறங்கிப் போன தடம் அது. படம் அழகாக வரவேண்டும் என்று பலரும் வெட்டித் தள்ளுவது அந்த வளையத்தைத்தான். ஏரியின் கதை மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

தறிக்கு வந்த தண்ணீர்

கோவையின் முதல் நூற்பாலை 1888இல் தொடங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஆலைகள் மெதுவாகத்தான் பெருகின. பைக்காரா மின்சாரம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1930களில் கோவையைச் சுற்றி வரிசையாக மில்கள் எழுந்தன. கிணற்று மேட்டில் கமலை இறைத்த தோட்டங்களுக்கு மின் மோட்டார் வந்தது. பம்ப்செட் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் பம்ப்செட்டே செய்யத் தொடங்கினார்கள். சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம், அவிநாசி வட்டாரத்து விசைத்தறிகள் அந்த வரிசையில் பின்னால் வந்தவை. இன்றைக்கு மின்சாரம் பல இடங்களில் இருந்து வருகிறது: அனல், அணு, காற்றாலை, சூரியசக்தி. ஆனால், இந்த ஊர்களை மின்சாரத்தால் பிழைக்கும் ஊர்களாக மாற்றியது மேலே இருந்து விழுந்த தண்ணீர்.

மின்சாரம் கொடுத்தபின் அந்தத் தண்ணீர் சும்மா போய்விடுவதில்லை. குந்தா வரிசையில் அது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். அப்பர் பவானியில் சேரும் தண்ணீர் அவலாஞ்சிக்கு வருகிறது. அவலாஞ்சியும் எமரால்டும் ஒன்றோடொன்று இணைந்தவை. அங்கிருந்து குந்தா, பிறகு கெத்தை, பிறகு பரளி, கடைசியில் பில்லூர். ஒரே தண்ணீர் படிப்படியாக இறங்கி ஐந்து மின் நிலையங்களைச் சுழற்றுகிறது. பில்லூரில் இருந்து கோவை மாநகரத்துக்குக் குடிநீர். மிச்சம் பவானி ஆறாக மேட்டுப்பாளையம் தாண்டி பவானிசாகருக்குப் போகிறது. பைக்காரா பக்கத்துத் தண்ணீரும் மோயாறு வழியாக அதே பவானிசாகரில் வந்து சேர்கிறது. 1955இல் கட்டி முடித்த அந்த அணையில் இருந்து ஈரோடு, திருப்பூர் மாவட்டத்து வயல்களுக்குப் பாசனம்.

அதற்கும் கீழே, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லப்படும் காலிங்கராயன் அணைக்கட்டு. அங்கே உபரியாகப் போகும் தண்ணீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் உள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுபோகும் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கிடைத்த தண்ணீர். அன்னூர், அவிநாசிப் பக்கம் ஒரு குட்டையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து ஒரு விவசாயி சந்தோஷப்பட்டால், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு யாரோ ஒருவருடைய செல்போனில் 'வால்பேப்பர்' ஆக இருக்கும் அதே ஏரித் தண்ணீர்தான்.

ஆக, கருமத்தம்பட்டியில் இருந்து அவலாஞ்சிக்குப் படம் எடுக்கப் போகிறவர் வேற்று நாட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போகவில்லை. தன் வீட்டுக் குழாயின் மறுமுனையைப் பார்க்கப் போகிறார்.

பெயர் இல்லாத வழிகாட்டிகள்

மலைக்குப் போய்ப் படம் எடுக்கும் பழக்கம் இந்தியாவில் 160 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதில் பெரிய பெயர் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர். 1863, 1864, 1866 என்று மூன்று முறை இமயமலைக்குள் நீண்ட பயணம் போனார். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியாக வேண்டும். அதனால் கேமராவோடு கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக்கான கூடாரம் எல்லாம் கூடவே போயாக வேண்டும். இத்தனையையும் முதுகில் சுமந்தவர்கள் டஜன் கணக்கான மலைக்காரர்கள். 1866இல் 18,000 அடிக்கு மேல் உள்ள மணிருங் கணவாயில் அவர் எடுத்த படங்கள், அவ்வளவு உயரத்தில் அதுவரை யாரும் எடுக்காதவை.

சுமைதூக்கிகள் பாதி வழியில் விட்டுவிட்டு ஓடிய கதைகளை போர்ன் தானே எழுதியிருக்கிறார். குளிரில், கணவாயில், அடுத்தவருடைய கண்ணாடிப் பெட்டியைச் சுமக்க அவர்கள் ஏன் விரும்பவில்லை என்பது புரியாத விஷயம் அல்ல. போர்னின் பெயர் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வழி காட்டியவர்கள், சுமந்தவர்கள் பெயர் ஒன்றுகூட படத்தின் கீழே இல்லை.

போர்ன் ஊட்டிக்கும் வந்து படம் எடுத்தார். அவருக்குப் பின் ஏ.டி.டபிள்யூ. பென் என்பவர் ஊட்டியிலேயே ஸ்டூடியோ வைத்துப் பல்லாண்டு நீலகிரியைப் படம் எடுத்தார். அந்தக் காலத்துப் படங்களில் மலை ஏறக்குறைய மொட்டையாக இருக்கும். பார்ப்பவர்கள் 'காடு அழிந்த படமோ' என்று நினைப்பார்கள். உண்மையில் அதுதான் நீலகிரியின் இயல்பான முகம்: முதுகெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு.

புல்வெளியை 'வீண் நிலம்' என்று நினைத்த ஆங்கிலேயர்கள் அதில் மரம் நட்டார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்து கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. பைன் மரமும் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் நடவு தொடர்ந்தது. சீகை மரப் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. இன்றைக்கு இந்த மரங்கள் புல்வெளியை விழுங்கி நிற்கின்றன. மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, மழை நின்ற பிறகும் ஓடையாக விடுவது புல்வெளியும் சோலையும் சதுப்பும்தான். அவை சுருங்கினால் மேலே ஓடை சுருங்கும். கீழே பவானி சுருங்கும். அந்நிய மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. சினிமாப் பாட்டில் பார்த்து, பைன் மரங்களுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் புது மண ஜோடிக்கு இந்தக் கதையைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் நல்ல வழிகாட்டி.

'ஸ்பாட்' காட்டுவது மட்டும் வழிகாட்டல் அல்ல

சனிக்கிழமை காலையில் ஒரு வேன் மலைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்பாட்டாளர் முதலில் செய்ய வேண்டியது இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்குள் நுழைய அது வேண்டும். வேனில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் அடிவாரத்திலேயே இறக்கிவைத்துவிட வேண்டும். நீலகிரியில் தடை பல ஆண்டுகளாக உண்டு. வீட்டில் இருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோவது நல்லது.

ஊட்டியில் இருந்து அவலாஞ்சி 25 கிலோமீட்டர் சுற்று. காட்டுக்குள் சொந்த வண்டியில் போக முடியாது. வனத்துறை வாகனத்தில்தான் போக வேண்டும். '2,000 ரூபாய் கொடுத்தா பின்பக்கமா உள்ள விட்டுருவாங்க' என்று யாராவது சொன்னால், அந்த ஆள் வழிகாட்டி அல்ல.

அவலாஞ்சி என்ற பெயரைக் கேட்டதும் பனிச்சரிவு என்று நினைப்பார்கள். அங்கே பனி எங்கே விழுகிறது? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் ஒரு பெரிய மண்சரிவு நடந்தது. அதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. பெயர் பொய் சொல்லவில்லை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அங்கே ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கோவையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழையை விட அது அதிகம். நீலகிரியில் பல இடங்களில் மண் சரிந்தது, உயிர்கள் போயின. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 'பச்சை நல்லா இருக்கும், வாங்க' என்று அழைக்கும் விளம்பரத்தில் இந்தத் தேதி இருக்காது. உள்ளூர் ஆள் மனதில் இருக்கும். சாய்ந்து நிற்கும் மரத்தையும், திடீரென்று கலங்கி ஓடும் ஓடையையும் பார்த்து 'இன்னைக்கு வேண்டாமுங்க, திரும்பிரலாம்' என்று சொல்லும் ஆளுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

மலை என்பது திறந்த மைதானம் அல்ல என்பதை கொங்கு நாடு நேரடியாகக் கற்ற நாள் 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னையில் இருந்து போன குழுவோடு, ஈரோடு, திருப்பூர் பக்கத்தில் இருந்து போன குழுவும் அதில் இருந்தது. இளைஞர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள். காய்ந்த போதைப்புல் நிறைந்த சரிவு, காற்று, தப்பிக்க வழி தெரியாத கூட்டம். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை வனத்துறை வழியாக அரசு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகளைப் பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு. நீலகிரியில் அவலாஞ்சியில் இருந்து கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலியில் இருந்து முக்கூர்த்தி குடில் வரை போகும் பாதைகளும், கோவையில் வெள்ளியங்கிரி, டாப்சிலிப் பக்கத்துப் பாதைகளும் அதில் உண்டு. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். முக்கியமான விஷயம், கூட வரும் வழிகாட்டிகள் அந்தந்த மலையைச் சேர்ந்த பழங்குடி, கிராமத்து இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள். போர்ன் காலத்தில் சுமை தூக்கியவர்களின் இடத்தில் இருந்தவர்கள், இப்போது முன்னால் நடக்கிறார்கள்.

செல்போன் போதும், பொறுமைதான் வேண்டும்

விலை உயர்ந்த கேமரா இல்லை என்று யாரும் தயங்க வேண்டாம். ஏரிப் படத்துக்கு வேண்டியது நேரம். விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் காற்று அடங்கியிருக்கும். தண்ணீர் கண்ணாடியாக நிற்கும். வெயில் ஏறி மலைக்காற்று வீச ஆரம்பித்தால் மலையின் நிழல் உடைந்துவிடும். அப்புறம் எந்த கேமராவாலும் அதை ஒட்ட முடியாது.

பனி மூட்டத்தை எடுக்கும்போது செல்போன் அந்த வெள்ளையைப் பார்த்து மிரண்டு படத்தைச் சாம்பலாக்கிவிடும். திரையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் பனி பனியாக வரும். சூரியன் எதிரே இருந்தால் நேர் மாறாகக் குறைக்க வேண்டும். தண்ணீர்க் கோடு சாய்ந்திருந்தால் ஏரி வழிந்து போவது போல இருக்கும். திரையில் கட்டங்களை வைத்து நேராக்கிக்கொள்ளலாம். ஜூம் செய்வதை விட இரண்டு அடி நடப்பது நல்லது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். போனைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக வைத்திருக்கலாம். முதல் பத்து நிமிஷம் போனை எடுக்காமல் பார்ப்பவருக்கு நல்ல படம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

டிரோன் விட வேண்டாம். காட்டுக்குள் அனுமதி இல்லாமல் அது குற்றம். அணைச் சுவரில் 'படம் எடுக்காதீர்' என்று பலகை இருந்தால் எடுக்க வேண்டாம். முக்கூர்த்தித் தேசியப் பூங்கா வரையாட்டுக்காகவே காக்கப்படும் இடம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்தே 1,031 வரையாடுகள்தான் இருந்தன. அதைப் பார்த்தால் விலகி நின்று பார்க்க வேண்டும். பார்த்த இடத்தை வரைபடத்தோடு பகிரக் கூடாது. ஒருவர் பகிர்ந்தால் அடுத்த வாரம் நூறு பேர் அந்தப் புல்லில் நிற்பார்கள்.

தோடர்களின் மந்து வழியில் வரும். அரைவட்ட வீடும் எருமையும் படத்துக்கு அழகு. ஆனால், அது ஒருவருடைய வீடு, ஒருவருடைய கோயில். கருமத்தம்பட்டி வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் கேமராவோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? அதே மரியாதைதான் அங்கேயும். கேட்டுவிட்டு எடுக்கலாம்; 'வேண்டாம்' என்றால் கும்பிட்டுவிட்டு நகரலாம். 'போர்த்திமந்து அணை' என்ற பெயரையே கவனியுங்கள். மந்து என்பது தோடர் குடியிருப்புக்கான சொல். கீழே உள்ள ஊர்களின் வெளிச்சத்துக்காக மேலே யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதற்கு அந்தப் பெயர் ஒன்று சாட்சி.

காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

குடும்பத்தோடு போகிறவர்கள் ஏற்பாட்டாளரிடம் நான்கு கேள்வி கேட்டால் போதும்.

'வனத்துறை அனுமதி யார் பெயரில், எந்தப் பாதைக்கு வாங்கியிருக்கீங்க?' காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அப்பர் பவானி போன்ற இடங்களுக்கு அனுமதி இல்லாமல் கூட்டிப்போவதாகச் சொன்னால் பணம் கட்ட வேண்டாம்.

'உள்ளூர் வழிகாட்டி கூட வர்றாரா? அவருக்கு எவ்வளவு கொடுக்கறீங்க?' இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரை நம்பலாம்.

'மழை வந்தா, தீ வந்தா என்ன ஏற்பாடு? பணம் திரும்பக் கிடைக்குமா?' பணம் திரும்பாது என்றால், ஆபத்தான நாளிலும் 'போயே ஆகணும்' என்ற நெருக்கடி எல்லோருக்கும் வரும்.

'குப்பையை என்ன செய்யறீங்க?' கீழே கொண்டுவருகிறோம் என்பது ஒன்றே சரியான பதில். மேலே போடும் உறை ஓடையில் இறங்கினால், கடைசியில் வந்து சேரும் இடம் பவானி.

இந்த நான்குக்கும் நல்ல பதில் கிடைத்தால் பாட்டியில் இருந்து பேரன் வரை எல்லோரும் கிளம்பலாம். போய் வந்தபின் வாட்ஸ்அப்பில் படத்தைப் போடும்போது 'சொர்க்கம்' என்று எழுதுவதற்குப் பதிலாக இரண்டே வரி எழுதலாம். எந்த அணை, எந்த ஆற்றுக்கு அதன் தண்ணீர் போகிறது என்பது ஒரு வரி. வழிகாட்டியவரின் பெயர், அவர் சம்மதித்தால், அடுத்த வரி. மண் வளையத்தை வெட்டாமல் விடுங்கள். தறி ஓட்டும் வீட்டில் அந்தப் படத்தைப் பார்க்கும் குழந்தை, 'தண்ணி ஏனுங்க கீழ போயிருச்சு?' என்று கேட்டால், பதில் சொல்ல சுவிட்சைக் காட்டினால் போதும்.